வலிகாமம் வடக்கைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்காதீர்கள்: சிறுவர் நூல் தெரிவுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

சிறுவர் நூல் தெரிவுக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

பாடசாலை நூலகங்களுக்கான அடுத்த தெரிவுக்கு எழுத்துப்படிகள் கோரி நீங்கள் அனுப்பிய அறிவித்தலில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கான வரலாற்றுக் கதைகளில், காணி இழப்பையும் குடியெழுப்பலையும் இடப்பெயர்வையும் மையமாகக் கொண்டவை பரிசீலிக்கப்படமாட்டா என்கிறது அந்த வரி. பிள்ளைகளின் மனம் நோகும் என்று காரணமும் சொல்லியிருக்கிறீர்கள். பதிலுக்கு மன்னர்களைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள்.

அந்த வரியை நீக்கவேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் சிறுவர் நூல்களை எழுதுபவர்கள், செம்மைப்படுத்துபவர்கள், படம் வரைபவர்கள், வாசிகசாலைகளில் பிள்ளைகளோடு இருந்து வாசிப்பவர்கள்.

முதலில் மன்னர் கதையையே எடுப்போம். 1619 இல் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டுக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொல்லப்பட்டவன் இரண்டாம் சங்கிலி. 1544 இல் மன்னாரில் மதம் மாறியவர்களை வெட்டுவித்தவன் முதலாம் சங்கிலி. 1803 இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்துப் பிறகு கற்சிலைமடுவில் தோற்றவன் பண்டாரவன்னியன். இவற்றைச் சொல்லலாம், நாங்களும் சொல்கிறோம். ஆனால் வாளும் தலையும் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளும், வெங்காயத் தோட்டத்தை விட்டுவிட்டுப் போன குடும்பம் ஒத்துக்கொள்ளாது என்ற கணக்கு எங்களுக்கு விளங்கவில்லை.

உங்கள் முடிவுக்குப் பின்னால் நியாயமான ஒரு சலிப்பு இருக்கக்கூடும் என்பதையும் மறுக்கமாட்டோம். இந்தப் பொருளில் வருகிற எழுத்துப்படிகளில் பெரும்பாலானவை நல்லவை அல்ல. முதல் அத்தியாயத்தில் செல் குண்டு விழும், அம்மா அழுவா, கடைசி அத்தியாயத்தில் எல்லோரும் அழுவார்கள். நடுவில் யார் எங்கே இருந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எந்தப் பள்ளிக்கூடம் போனார்கள் என்று ஒன்றுமே இருக்காது. அப்படி ஒரு கதையை வாசித்த பிள்ளைக்கு மனம் பாரமாகத்தான் இருக்கும். அந்தப் பாரம் பொருளால் வருவதில்லை, வேலைப் பிழையால் வருகிறது. துயரத்தைப் பிள்ளை கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருளோ ஒரு வேலையோ கதையில் இல்லாதபோது வெறும் பயம்தான் மிஞ்சும்.

அந்தப் பிழைகள் எவை என்று விரிவாகவே சொல்கிறோம். பொருளை ஒதுக்குவதற்குப் பதில் உங்கள் குழு பார்க்கவேண்டியவை அவைதான்.

காலத்தைக் குழப்புவது முதற் பிழை. யாழ்ப்பாணத்தின் பெரிய வெளியேற்றங்கள் ஒன்றுபோல் நடந்தவை அல்ல. குடாநாட்டின் வடகரையில், பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றியுள்ள வலிகாமம் வடக்கு, போர் மூண்டதால் 1990 யூன் நடுப்பகுதியிலிருந்து வெறுமையானது. அது வைகாசி முடிந்து ஆனி பிறக்கிற நேரம்: சோளகக் காற்று, புழுதி, நுங்கு. மழை இல்லை. 1995 ஒக்ரோபர் 30 ஐப்பசி மழைக்குள் நடந்தது. வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் விடுதலைப் புலிகளின் அறிவித்தல் வந்த அன்றிரவே வலிகாமத்துச் சனம் செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்கு நகர்ந்தது. விதைத்த நெல் வயலில் முளைத்து நின்ற காலம். 1990 கதையில் குடையும் சேறும் வந்தால் எழுதியவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்று அறியலாம். 1990 யூன் கடைசியில் ஒரு குடும்பம் யாழ்தேவியில் ஏறுவதாக எழுதுகிறார்கள். அந்த மாதத்தோடு ரயில் நின்றுவிட்டது. திரும்ப யாழ்ப்பாணம் வந்தது 2014 ஒக்ரோபரில், காங்கேசன்துறைக்குப் போனது 2015 சனவரியில். இன்னொரு கதையில் 1990 இல் பிரதேச செயலாளர் நிவாரண அட்டை கொடுக்கிறார். அந்தப் பதவி 1992 ஆம் ஆண்டின் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன் சனம் போய் நின்றது உதவி அரசாங்க அதிபரின் கந்தோர் வாசலில்.

தோட்டம் தெரியாமல் எழுதுவது அடுத்தது. குரும்பசிட்டி, வசாவிளான், கட்டுவன் பக்கம் செம்பாட்டு மண். வெங்காயத்துக்கு மூன்று நாலு நாளுக்கு ஒருதரம் தண்ணீர் கட்டவேண்டும். 1990 இல் பெரும்பாலும் மண்ணெண்ணெய் மிசினால் இறைத்தார்கள். அது நம் கதையில் துலா என்ற கிணற்று ஏற்றத்தை மிதித்து இறைப்பதாகவே வந்துகொண்டிருக்கிறது, ஏனென்றால் பாடப்புத்தகப் படத்தில் துலா அழகாக இருக்கிறது. மிசின் என்று எழுதிப் பாருங்கள், கதை தானாக நகரும். யூனுக்குப் பிறகு எரிபொருள் வரத்து நிற்கிறது. இருக்கிற அரைக் கான் மண்ணெண்ணெயைத் தோட்டத்துக்கு விடுவதா, விளக்குக்கு வைப்பதா? ஜாம் போத்தல் விளக்கில் படிக்கிற பிள்ளைக்கும் அந்தக் கேள்வியில் பங்குண்டு. விதை வெங்காயம் பிடி பிடியாகக் கட்டிக் கொட்டிலில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை விட்டுவந்தால் அடுத்த போகம் இல்லை. அதற்காகத்தான் எத்தனையோ பேர் இராணுவ எல்லை இறுகுவதற்கு முன் சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஒரு தகப்பன் ஏன் ஆபத்துக்குள் திரும்பிப் போகிறார் என்பதைப் "பாசம்" என்று எழுதினால் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. விதை வெங்காயம் என்று எழுதினால் ஒன்பது வயதுக்கு நன்றாக விளங்கும்.

காணிக் கணக்கு அதைவிட மோசம். வெளியிலிருந்து வரும் புத்தகங்களைப் பார்த்து நம்மவர்களும் பட்டா, தாசில்தார் என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். இங்கே காணிப் பத்திரம் உறுதி, அதை எழுதுபவர் நொத்தாரிசு, கிராம அலுவலர் விதானையார். தோட்டக்காணியில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். வயலில் 12 குழி ஒரு பரப்பு, 24 பரப்பு ஓர் ஏக்கர். எப்படிப் பார்த்தாலும் ஏக்கருக்கு 288 குழி. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு இதைவிடச் சுவையான கணக்கு இல்லை. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. உறுதியில் நான்கு எல்லையும், கிணற்றில் எத்தனை பங்கு என்பதும், வழிவாய்க்கால் உரித்தும் எழுதியிருக்கும். ஆறு பேருக்குப் பங்குள்ள கிணறு என்றால் ஆறு குடும்பங்களின் முறைநாள், சண்டை, சமாதானம் எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. சீதனமாகத் தாய்க்கு வந்த வளவா, தகப்பனின் பரம்பரைச் சொத்தான முதுசமா என்பதில் யாழ்ப்பாணத்துச் சொத்துச் சட்டமான தேசவழமையும் வந்துவிடும். நொத்தாரிசு உறுதியின் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவார் என்பதைத் தெரிந்த எழுத்தாளர், றங்குப்பெட்டிக்குள் கறையான் அரித்த உறுதியோடு கதையை முடிக்கமாட்டார், அங்கிருந்து தொடங்குவார்.

படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மண்குடிசை, பின்னால் நீல மலை, பக்கத்தில் ஆறு. யாழ்ப்பாணத்தில் மலை எங்கே? ஆறென்று சொல்ல வழுக்கியாறு, அதுவும் மாரியில் மட்டும். வசாவிளானுக்குச் சிவப்பு மண் தீட்டுங்கள், மயிலிட்டிக்கு வெள்ளை மணல். படலை, வேலிக்கு நடும் மரக்கொப்பான கதியால், தனியாக நிற்கிற குசினி, கிணற்றடி. பூவரசும் கிளுவையும் எப்படி இருக்கும் என்று வரைபவர் ஒருதரம் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். பஸ் காசு பெரிதல்ல.

ஒரு குடும்பம் எப்படி வெளியேறுகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை நடக்கிற இடம். கதைகளில் அது ஒரே இரவில் நடந்து முடிகிறது. 1995 க்கு அது பொருந்தும். 1990 அப்படி இல்லை. பலாலித் தளப் பக்கம் சத்தம் கூடுகிறது. அடுத்த வளவுக்காரர் "ஒரு கிழமை பாத்திட்டு வாறம்" என்று தெல்லிப்பழைக்குப் போகிறார். நாலு நாளில் நாங்களும் போகிறோம், உடுப்பும் பாயும் அரிசியும் மட்டும். மாட்டைக் கட்டவிழ்த்து விட்டாயிற்று. தெல்லிப்பழையிலும் இருக்க முடியவில்லை, அளவெட்டி. பிறகு மல்லாகம், சுன்னாகம். ஒவ்வொரு முறையும் கொண்டுபோவது குறையும். முதல் முறை உரலும் தையல் மிசினும் வண்டியில் ஏறும். அடுத்த முறை சைக்கிள் கரியரில் ஓர் உரப்பை. அதற்கடுத்த முறை கையில் கடகம். இந்தக் குறைதலை அத்தியாயம் அத்தியாயமாகக் காட்டினால் அழுகை தேவையே இல்லை. எதை விடுவது என்ற முடிவில் பிள்ளைக்கும் ஒரு வாக்கு இருந்தால், கதை அந்தப் பிள்ளையுடையதாகிவிடும்.

அதற்குப் பிறகு வருகிற நீண்ட காலத்தை எழுத்தாளர்கள் ஒரு பந்தியில் தாண்டிவிடுகிறார்கள். அங்கேதான் சிறுவர் கதைக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. வந்த ஊரின் கிணற்றில் தண்ணீர் அள்ள நேரம் ஒதுக்கப்படுகிறது. உள்ளூர்ப் பிள்ளைகள் காலையில் படித்து முடித்த வகுப்பறையில் இடம்பெயர்ந்த பள்ளிக்கூடம் பின்னேரம் நடக்கிறது. ஒரே வாங்கில் இரண்டு பிள்ளைகள், ஒருவரை ஒருவர் காணாமலே. சைக்கிள் டைனமோவைச் சுற்றி பிபிசி தமிழோசை வானொலி கேட்கிற பெரியவர்கள். "அடுத்த மாதம் விடுவாங்களாம்" என்ற கதை ஒவ்வொரு மாதமும். மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் பிறந்து, அங்கேயே பெரியவர்களாகிப் பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். பாட்டியின் ஊர் சில கிலோமீற்றர் தூரத்தில்தான், இராணுவக் கம்பி வேலிக்கு அந்தப் பக்கம்.

யாருடைய கதை என்ற கேள்வியிலும் குழு கண்டிப்பாக இருக்கவேண்டும். வருகிற எழுத்துப்படிகளில் கதாநாயகக் குடும்பம் எப்போதும் கல்வீட்டுக்காரர். பத்துப் பரப்பு, மாமரம், நாற்சார் முற்றம். உறுதியே இல்லாதவர்கள் எங்கே? இன்னொருவர் வளவில் குடியிருந்து கூலிக்குத் தோட்டம் கொத்தியவர்கள் திரும்பிப் போகக் காணி என்று ஒன்றே இருக்கவில்லை. முகாம்களில் கடைசிவரை தங்கியவர்களில் அவர்கள் பலர். அதில் சாதி இருக்கிறது, அதைப் பிள்ளைக்குச் சொல்லத்தான் வேண்டும். மயிலிட்டிக் கடற்றொழிலாளருக்கு உறுதியைவிடக் கரைதான் பெரிது. வேறு ஊர்க் கரையில் வள்ளம் விடுவதற்கு அந்த ஊர்ச் சங்கத்தின் சம்மதம் வேண்டும்; கிடைத்தாலும் மீன்பிடிக் கொட்டிலான வாடி போட இடம் இராது. மயிலிட்டித் துறைமுகம் 2017 யூலையில்தான் விடுபட்டது. 27 வருடம் ஒரு தொழில் எப்படி உயிரோடிருந்தது என்பதை ஒரு சிறுவர் நாவலில் சொல்ல இடமிருக்கிறது.

நாங்கள் துரத்தப்பட்டதை மட்டும் எழுதினால் அதுவும் பொய்தான். 1990 ஒக்ரோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னவர்கள் விடுதலைப் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து அப்படித் துரத்தப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அதில் முசலிப் பக்கத்து வயற்காரரும் மன்னார்க் கரைத் தொழிலாளரும் அடங்குவர். புத்தளத்து உப்பு மண்ணில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளையும் நம் பிள்ளைகளின் வயதுக் கதாபாத்திரம்தான். 1984 மார்கழியில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் எழுப்பப்பட்டதும், 1948 இல் குடியுரிமை இழந்து, பிறகு தேயிலைத் தோட்டத்தையும் விட்டு வன்னிக்கு வந்து, அங்கும் நிலைக்க முடியாமற்போன மலையகக் குடும்பங்களும் இதே வரிசை. ஒரு நூல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. தெரிவுப் பட்டியல் சுமக்கவேண்டும்.

மனம் நோகும் என்ற உங்கள் கவலைக்கு வருவோம். இப்படியான கதைகளை உரக்க வாசிக்கும்போது பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் இவைதான்: "அந்த மாட்டுக்குப் பிறகு ஆர் தண்ணி வைச்சது?" "அவை பிறகு எந்தப் பள்ளிக்கூடம் போனவை?" "அந்த வீடு இப்பவும் இருக்குதோ?" பதில் இருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். பதில் இல்லாமல் வயலின் இசையும் கண்ணீருமாக எழுதினால்தான் குழம்புகிறார்கள். இந்த வயதுக்கு எழுதும்போது நாங்கள் பிடித்துக்கொள்கிற வழக்கங்கள் சில உண்டு. மரணம் வந்தால் ஒளிக்காமல் ஒரு வசனத்தில் சொல்லுவது, உடலை வர்ணிப்பதில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் பிள்ளை செய்கிற வேலை ஒன்று இருக்கும்: வரிசையில் நிற்றல், தம்பியைப் பார்த்தல், பாத்திரம் எண்ணுதல். நிதானமான பெரியவர் ஒருவராவது கூடவே இருப்பார். ஆமிக்காரனை அரக்கனாகவும் எழுதுவதில்லை, அப்பாவித் தேவனாகவும் எழுதுவதில்லை. புலிகள் இயக்கப் பொடியனையும் அப்படியே. முழு நூலும் 12,000 சொல்லுக்கு மேல் போனால் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை பாதியில் விட்டுவிடும். பின்பக்கத்தில் ஒரு வரைபடம், ஒரு கால அட்டவணை. இவ்வளவும் இருந்தால் போதும்.

முடிவில் எல்லோரும் வீடு திரும்பிப் பொங்குவதாகவும் எழுதவேண்டாம். 2013 ஏப்ரலில் காணி எடுத்தற் சட்டத்தின் கீழ் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசாங்கம் அறிவித்தல் ஒட்டியது. உரிமையாளரைக் காணவில்லை என்றது அது; உரிமையாளர்களோ பக்கத்து முகாம்களில் இருந்தார்கள். அவர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். இதைவிட நல்ல அத்தியாயத்தை எந்த எழுத்தாளர் கற்பனை செய்வார்? 2015 இலிருந்து துண்டு துண்டாகக் காணி விட்டார்கள், இன்னும் முழுதாக விடுபடவில்லை. போனவர்கள் கண்டது பல இடங்களில் வெறும் வெளி: வீடு இடித்து அள்ளப்பட்டிருக்கும், கிணறு மூடப்பட்டிருக்கும், எல்லைக்கல் இராது. வெட்டாமல் விட்ட கதியால்கள் மரமாகி நின்ற இடங்களில் அந்தப் பூவரச வரிசையை வைத்து வேலியைப் பிடித்தார்கள். அதுவும் இல்லாத இடத்தில் நில அளவையாளரும் பழைய வரைபடமும், ஞாபகமுள்ள கிழவர் ஒருவரும் வேண்டியிருந்தது.

அந்தக் கிழவர்களைப் பற்றித்தான் எங்கள் அவசரம். 1990 இல் 30 வயதாயிருந்த ஒரு தாய்க்கு இப்போது 65 ஆகிவிட்டது. இன்று ஐந்தாம் ஆண்டில் படிக்கிற பிள்ளையின் பெற்றோரே அன்றைக்குக் கைக்குழந்தைகள், அல்லது பிறக்காதவர்கள். கட்டுவனில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கலந்த சவர், எது நல்லது என்று சொல்லக்கூடியவர்கள் குறைந்துகொண்டு போகிறார்கள். எழுதியதைச் சரிபார்க்க ஆள் இருக்கும்போது எழுதவிடாமல் பண்ணிவிட்டு, பத்து வருடம் கழித்து உங்கள் குழு அனுமதித்தால் அப்போது வருவது நீல மலை போட்ட புத்தகங்களாகத்தான் இருக்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் இவை. அறிவித்தலில் உள்ள அந்த வரியை நீக்கி, நீக்கியதை எழுத்தாளர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். அதன் பேரில் வாசிக்காமலே திருப்பிய எழுத்துப்படிகளைத் திரும்பப் பெற்று வாசியுங்கள். பிறகும் தள்ளுவதானால் காரணத்தை எழுதிக் கொடுங்கள். "பொருத்தமற்றது" என்ற ஒற்றைச் சொல் காரணம் ஆகாது, எந்தப் பக்கம், எந்தத் தகவல், எந்த வசனம் என்று வேண்டும். வரலாற்றுக் கதைகளுக்கான புள்ளித் திட்டத்தில் தகவற் சரிக்கு ஒரு தனிப் பங்கு ஒதுக்குங்கள். திகதி, பருவம், பயிர், அளவை, பதவிப் பெயர், படம் ஆகியவை அதில் பார்க்கப்படட்டும். வாசிக்கிற குழுவில் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்கள் இருவரையாவது சேருங்கள், அவர்களில் ஒருவர் காணி இல்லாதிருந்தவராக இருக்கட்டும். யாழ்ப்பாண முஸ்லிம்களின் சோனகதெருவுக்குத் திரும்பி வந்த ஒருவரும் கட்டாயம் வேண்டும். உரையாடல்களில் உள்ள யாழ்ப்பாணப் பேச்சைத் திருத்தி எழுதச் சொல்லி நூல்களைத் திருப்புவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு எழுத்துப்படியையும் இறுதி முடிவுக்கு முன் ஒரு வகுப்பில் உரக்க வாசித்துப் பாருங்கள். பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைக் குறித்து எழுத்தாளருக்கு அனுப்புங்கள். இதற்கு உதவ நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம், கொடுப்பனவு வேண்டாம்.

எழுத்துப்படிகளை ஏற்கும் கடைசித் திகதிக்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது உங்கள் பதில் எங்களுக்கு எழுத்தில் கிடைக்கவேண்டும். அதற்குப் பிந்தினால் திருத்தி அனுப்ப எழுத்தாளர்களுக்கு நேரம் இராது.

இங்ஙனம்,
யாழ்ப்பாணத்தில் சிறுவர் நூல் எழுதுவோரும், செம்மைப்படுத்துவோரும், படம் வரைவோரும், வாசிகசாலைகளில் வாசிப்போரும்